மாப்பிள்ளை அழைப்புக் கார்

பிரம்மநாயகத்தை எனக்குப் பார்த்த நிமிஷமே பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாட்டுங்கா பிள்ளையார் கோயில் வாசலில் என் காரின் பானெட்டை மோதிரக் கையால் தட்டி, "ஏல, இந்தத் தகர டப்பாவிலயா என் மருமவன் போவான்?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

தகர டப்பாதான். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த திறந்த கார். தாராவியில் வைத்து நானே பிரித்து மாட்டி, கல்யாண ஊர்வலங்களுக்கு ஓட்டுகிறேன். எஞ்சின் இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகாது. ரப்பருக்குத்தான் வயசாகிவிட்டது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் பாளம் பாளமாக வெடித்து, அதன்மேல் சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டிருந்தேன். வயரைத் தொட்டால் மேல் ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். இதையெல்லாம் பெண்ணின் அப்பா வானமாமலையிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"முகூர்த்த நாளு, வேற தொறந்த காரே கெடைக்கலப்பா முத்து. மெதுவாத்தானே போவப் போறோம்" என்றார்.

"மெதுவாப் போனாத்தான் வில்லங்கம் அண்ணாச்சி. காத்துப் படாம தண்ணி கொதிச்சிரும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சரியென்று வண்டியை எடுத்து வந்தேன்.

அது போதாதென்று இப்போது பிரம்மநாயகம் ஆள் வைத்துக் காரைச் சுற்றிக் கலர் பல்பு கட்டினார். அந்த ஆள் பல்பு வயரை என் ஹெட்லைட் வயரோடு முறுக்கிவிட்டான்.

"ஐயா, இது பழைய வயரு. இம்புட்டு பல்பு தாங்காது. கருகிரும்."

"நீ வண்டி ஓட்ட வந்தியா, எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்றவர், வானமாமலையிடம் திரும்பினார். "இந்தா பாரும். என் மூத்த மருமவனுக்கும் இப்படித்தான் அழைப்புல கார் தானா அணைஞ்சுது. ஆறே மாசத்துல அவனைத் தூக்கிக் குடுத்தோம். இன்னைக்கும் வண்டி தானா அணைஞ்சா, உம்ம மவ ராசி அதுதான். நாங்க இப்படியே விக்ரோலிக்குத் திரும்பிருவோம்."

வானமாமலையின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மகள் கோமதி அங்கே மண்டபத்தில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

நாயனம் முன்னால் போயிற்று. ஒவ்வொரு முக்கிலும் பிரம்மநாயகம் கையைக் காட்டி நிறுத்தி, முழுப்பாட்டு வாசிக்கச் சொன்னார். கார் நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மனசுக்குள் அவரை வைது தீர்த்தேன்.

மூன்றாவது முக்கில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. மாலையும் சாம்பிராணியும் மணத்ததில் மற்றவர்கள் மூக்குக்கு அது எட்டவில்லை. பானெட் ஓரத்தில் லேசாக ஆவி கிளம்பியது. இன்னும் இரண்டு நிமிஷம்தான், தானாகவே அணைந்துவிடும். அணைந்தால் கோமதி ஜென்மத்துக்கும் ராசி கெட்டவள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அப்படிச் சொல்லப் போவது பிரம்மநாயகத்தின் வாய். அந்த வாய் ஜெயிப்பதை என்னால் பொறுக்க முடியாது.

சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். இறங்கிப் போய்ப் பல்பு வயரை ஒரே இழுப்பில் பிய்த்தேன். ரப்பர் உதிர்ந்து, பழுத்திருந்த செம்புக் கம்பி உள்ளங்கையைப் பொசுக்கியது. கையை மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் எறங்குங்க! இந்த ஆளு பேசுன பேச்சுக்கு நான் ஓட்ட மாட்டேன்!" என்று கத்தினேன்.

முதலில் பாய்ந்து வந்தவர் வானமாமலைதான். என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "பாவி, என் குடியைக் கெடுத்துட்டியே!"

"அபசகுனம்! எல்லாரும் திரும்புங்க!" என்றார் பிரம்மநாயகம்.

மாப்பிள்ளையின் அம்மா மீனாட்சியம்மாள் தம்பியை முறைத்தாள். "எதுடா சகுனம்? வண்டியா அணைஞ்சுது? திமிர் புடிச்ச பய, வேணுமின்னே அணைச்சுப்போட்டான். நீ வாயைக் குடுத்ததுக்கு இது வேணும். மண்டபம் இந்தா இருக்கு, நடங்க."

மாப்பிள்ளை இறங்கி நடந்தான். நாயனம் மறுபடி கிளம்பியது. வானமாமலை மட்டும் என் சட்டையை விடவில்லை.

கூட்டம் கொஞ்ச தூரம் போயிருக்கும், குழாய் டப்பென்று வெடித்தது. பானெட்டுக்கு அடியில் கொதிநீர் கொட்டித் தெருவில் ஓடியது. வானமாமலை தண்ணீரைப் பார்த்தார். மூடியிருந்த என் கையைப் பிரித்துப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

கடைசியாகப் போய்க்கொண்டிருந்த பிரம்மநாயகம் சத்தம் கேட்டுத் திரும்பினார். வானமாமலை சட்டென்று காரை மறைத்துக்கொண்டு நின்று, பளாரென்று இன்னொரு அறை விட்டார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி" என்றேன். "அவன் இன்னும் பாக்கான்."