அடுத்த கட்டில்காரரின் பல்

கால்பந்து மைதானங்களில் பாதி ஆயுளை நடுவராக ஓடியே கழித்தவருக்கு ‘விசில்’ என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. சாப்பாட்டு மேஜையானாலும் சரி, டாக்டர் அறையானாலும் சரி, யாராவது தப்பாட்டம் ஆடுவது அவர் கண்ணில் பட்டுவிடும். இடுப்பு எலும்பு முறிந்து, மகனும் மகளும் கலந்து பேசி அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, முதல் வாரமே மேனேஜர் அம்மா போன் செய்தாள். சூப் ஆறியிருந்ததாம். அப்பா சமையல்காரரைக் கூப்பிட்டு, மைதானத்தைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். மகளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சத்தம் அவளுக்குப் பழக்கம்.

பிறகு இல்லத்தில் இருமல் காய்ச்சல் பரவுகிறது, கொஞ்ச காலம் யாரும் பார்க்க வரவேண்டாம் என்றார்கள். போனில் மட்டும் பேசலாம். அப்பா போனில், “நல்லா பாத்துக்கறாங்க” என்பார். நாக்கு எதிலோ இடறுகிற மாதிரி வார்த்தைகள் வழுக்கி வரும்.

“என்னமோ மாதிரி பேசறாருண்ணே” என்றாள் மகள்.

“சண்டை போடாம இருக்காரேன்னு சந்தோஷப்படு” என்றான் அண்ணன்.

ஒருநாள் தண்ணீர்க் குழாய் உடைந்து பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மகள் காலி பஸ்ஸை இல்லத்தின் பின்பக்கம் நிறுத்தினாள். முன்வாசலில் மணி அடித்தால் காய்ச்சல் கதை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனாள்.

கூடம் முழுக்க நாற்காலிகள். எல்லாம் டிவியைப் பார்த்து இருந்தன. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒரு இருமல்கூட இல்லை. அவள் செருப்புச் சத்தம் கேட்டு ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பகல் வெளிச்சம் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்த அந்த இடத்தில் அவள் நாற்காலி நாற்காலியாக அப்பாவைத் தேடினாள்.

அப்பா ஜன்னலோரம் இருந்தார். நெற்றியிலிருந்து வழித்து வாரிய தலை, சுத்தமான சட்டை. அவள் முன்னால் குனிந்ததும் அவர் மெதுவாகச் சிரித்தார்.

அது அப்பாவின் சிரிப்பு இல்லை.

பற்கள் பெரிதாக, வரிசையாக, வெள்ளையாக இருந்தன. உதடு அவற்றின்மேல் மூட முடியாமல் இழுத்துக்கொண்டு நின்றது. கண்ணும் நெற்றியும் அப்பாவுடையவை. மூக்குக்குக் கீழே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“செல்லம், வந்துட்டியா” என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ‘ஏய்’ என்பார். பாசம் பொங்கினால் ‘கழுதை’ என்பார்.

“அப்பா, நான் யாருன்னு தெரியுதா?”

“செல்லம்” என்றார் மறுபடியும், அதே குழைவோடு.

அதற்குள் பணிப்பெண் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே கரண்டியால் ஏதோ ஊற்றிக் கலக்கினாள்.

“என்னம்மா அது?” என்றாள் மகள்.

பணிப்பெண் திடுக்கிட்டாள். “நீங்க எப்படி உள்ள வந்தீங்க?” என்றவள், பஸ்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “தூக்க மருந்துக்கா. எல்லாருக்கும் கலக்கச் சொல்லியிருக்காங்க. இத்தனை பேருக்கும் நான் ஒருத்திதான் இருக்கேன். நான் என்ன பண்ணுவேன்?”

“அப்பா வாயில இருக்கறது யாரோட பல்லு?”

பணிப்பெண் குளியலறைப் பக்கம் பார்த்தாள். மகள் போய்ப் பார்த்தாள். துணி அலசுகிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதன் அடியில் பல்செட்டுகள். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தன. குழாய் சொட்டும்போதெல்லாம் அவை லேசாக அசைந்தன.

“மொத்தமா கழுவறோம். அப்புறம் யாருக்கு எது பொருந்துதோ அதை மாட்டி விட்டுடறோம்” என்றது பின்னாலிருந்து பணிப்பெண்ணின் குரல். “யாரும் ஒண்ணும் சொல்றதில்லக்கா.”

அப்பாவின் பல்செட்டில் முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருக்கும். பந்து பட்டு உடைந்த சொந்தப் பல்லின் ஞாபகமாக அப்படியே செய்து தரச் சொல்லி, டாக்டரிடம் மல்லுக்கு நின்று வாங்கியது. தொட்டியில் கைவிட்டுத் துழாவினாள். அது இல்லை. கூடத்துக்குத் திரும்பி ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். அவள் குனிந்தபோது எல்லாரும் வாயைத் திறந்து காட்டினார்கள். எங்கும் இல்லை.

அப்பாவிடம் வந்து, விரல் விட்டு, அந்தப் பெரிய பற்களைக் கழற்றினாள். ஈறெல்லாம் ரணம். கன்னம் ஒட்டி உள்ளே போயிற்று. தன் வாய் தனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி அவர் வெறும் வாயை மென்று பார்த்தார்.

“அது அவனுது” என்றார். “பக்கத்துக் கட்டில்காரன். அவன் போன மாசமே போய்ச் சேந்துட்டான்.”

மேனேஜர் அம்மா ஓடி வந்து, விதிமுறை, டாக்டர் கையெழுத்து என்று அடுக்கினாள். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சக்கர நாற்காலியை சமையலறை வழியாகத் தள்ளிக்கொண்டு போய், சமையல்காரரையே ஒரு கை பிடிக்கச் சொல்லி, அப்பாவை பஸ்ஸில் ஏற்றினாள். சேதி கேட்டு அண்ணன் அவள் வீட்டுக்கு வந்து ரணமான வாயைப் பார்த்தான். அப்பாவின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான்.

மருந்து இறங்கும்வரை அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். தெளிந்ததும் தலையணை கல் மாதிரி இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

பல்லைத் திருப்பிக் கொடுக்க மகள் அந்தப் பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டைத் தேடிப் பிடித்தாள். அவருக்கும் ஒரு பெண்தான். கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்ததும் அந்தப் பெண் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

“கடைசியா முகம் பாத்தப்போ எங்கப்பா மாதிரியே இல்ல” என்றாள். “வாய் வேற மாதிரி இருந்துச்சு. செத்தா முகம் மாறும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்.” கைக்குட்டையிலிருந்த பல்லைப் பார்த்தபடி கேட்டாள். “உங்கப்பா பல்லு... ஓரத்துல உடைஞ்சிருக்குமா?”

மகள் தலையாட்டினாள். அவர் யாருடைய சிரிப்போடு போய்ச் சேர்ந்தார் என்று இருவருக்கும் புரிந்தது.

இருவரும் சேர்ந்துதான் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் அம்மா மாற்றப்பட்டாள், வேலைக்குக் கூடுதல் ஆட்கள் வந்தார்கள், டீயில் மருந்து கலப்பது நின்றது. ஒவ்வொரு பல்செட்டுக்கும் பெயரெழுதிய டப்பா வந்தது.

கொஞ்ச நாளில் மகளுக்கு ஒரு போன். யாரோ ஒருவரின் மருமகள். “நீங்கதானே அந்த விவகாரத்தைக் கிளப்பினது? எங்க மாமனார் இப்ப எந்நேரமும் கத்தறார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கங்கறார். முன்னாடி எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?”

“அவர் என்ன சொல்லிக் கத்தறார்னு கேட்டீங்களா?” என்றாள் மகள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது இல்லத்தின் ஜன்னல்கள் இப்போது திறந்திருக்கின்றன. உள்ளேயிருந்து பல குரல்கள் ஒரே நேரத்தில் யார் யாரையோ கூப்பிடும். பின்சீட்டுப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார்கள். இல்லத்துக்கு எதிரே இருக்கும் சிக்னல் பச்சையானாலும் அவள் உடனே வண்டியை எடுப்பதில்லை.