அப்பா சவரம் முடிக்கும் வரை

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அம்மா எழுதிவைத்த இஞ்சி மிட்டாய்க் குறிப்பில் எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது, நேரத்துக்கு மட்டும் இல்லை. "அப்பா சவரம் முடிக்கும் வரை சிறு தீயில் வை." அவ்வளவுதான். எழுதிய மகராசி போன வருடம் கண்ணை மூடிவிட்டாள். அப்பா அவளுக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரைப் போய்க் கேட்பது?

அந்த மிட்டாயை நம்பித் தையல் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள் மகள். இதுவரை செய்ததில் பாதி பல்லில் ஒட்டியது, மீதி கருகிக் கசந்தது. இரண்டு முறை முகம் சுளித்த கடைக்காரர் இன்று பத்து மணிக்குக் கடைசியாக ஒருமுறை ருசி பார்க்க வருகிறார். இதுவும் சொதப்பினால் பிழைப்பே இல்லை.

தம்பியின் தாடியைப் பார்த்தாள். அப்பா போனதிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை.

"டேய், சவரம் பண்ணுடா."

"இப்பவா? உனக்கென்ன பைத்தியமா?"

"அப்பா பக்கத்துல நின்னு பாத்தவன் நீதானே. அவர் மாதிரியே பண்ணு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்கா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவன் தாடியைக் கத்தரித்துவிட்டு நுரை போட்டான். அவள் பாகை அடுப்பில் ஏற்றினாள்.

"ஆச்சுக்கா!"

பாகு தண்ணீராகவே ஓடியது. வீட்டில் இருந்த சர்க்கரையும் அவ்வளவுதான். "இவ்வளவு சீக்கிரமாவாடா அப்பா முடிப்பாரு?"

கண்ணாடி முன் நின்றவன் மெல்லச் சொன்னான். "அம்மா இதை எழுதினது எப்போக்கா?"

தாளைத் திருப்பினாள். அப்பாவின் கடைசி வருடம். கை நடுக்கம் வந்த வருடம். கன்னத்தில் கத்தியை வைப்பதற்குள் மனிதர் படாத பாடு படுவார்; உதவிக்குப் போனால் சீறுவார். அம்மா அவசரப்படுத்தாமல் அடுப்படியிலேயே காத்துக்கொண்டு நிற்பாள்.

"மறுபடி பண்ணுடா."

"முகத்துல இனிமே என்ன இருக்கு வழிக்க?"

"நுரை போடு. நடுங்குற கையால பண்ணு." அதே பாகை மறுபடி சிறு தீயில் வைத்துக் கிளறத் தொடங்கினாள்.

பொய்யாக நடுங்கத் தொடங்கிய கை, பாதியில் நிஜமாகவே நடுங்கியது. வாசல் மணி அடித்தது. அவள் கிளறுவதை நிறுத்தவில்லை. மணி மீண்டும் அடித்தது. பாகு தேன் நிறத்துக்கு வந்து கனத்தது.

"அப்பா முடிச்சிட்டாருக்கா," என்றான் தம்பி, உடைந்த குரலில்.

இறக்கித் தட்டில் ஊற்றினாள். ஓரத்தில் சிந்திய துளி இறுகியதும் நகத்தால் தட்டினாள். டக்கென்று உடைந்தது.

மூன்றாவது மணிக்குக் கதவைத் திறக்கப் போனவள் திரும்பி வந்து, கன்னத்தில் ரத்தக் கீறலோடு நின்றவன் வாயில் அந்தத் துணுக்கை முதலில் போட்டாள்.