பதினேழு இடங்களில் ஒரே கேள்வி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது, அதுவும் கூடப்பிறந்த தங்கை மேல். முதல் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'தங்கையின் திறமையைக் கண்டு பூரித்த அக்கா...' (பொய். அடித்துவிட்டேன்.)

'கணினித் துறையில் தரவுகளை அடுக்கும் முறைகள் பல...' (எனக்கே தூக்கம் வருகிறது.)

'அவள் இந்த ஆபீஸுக்கு வந்து நாலே மாதம்தான் ஆகிறது.' இது இருக்கட்டும். வயிற்றெரிச்சல் சரியாகக் கேட்கிறது.

2

துணி துவைக்கும் இயந்திரம் பழுதானால் வாடிக்கையாளர் போன் செய்வார். போனை எடுக்கும் பெண், எங்கள் செயலி காட்டும் கேள்விகளைக் கேட்பார். பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வி வரும், கடைசியில் கோளாறு பிடிபடும். அந்தக் கேள்விகளை நான் மரமாக அடுக்கியிருந்தேன். பதிலுக்கொரு கிளை, பிரிந்த கிளைகள் மறுபடி சேராது. இரண்டு வருட உழைப்பு.

தங்கை பத்து நிமிடம் பார்த்தாள்.

"அக்கா, 'தண்ணி வருதா'ன்னு ஒரே கேள்வி பதினேழு கிளையில இருக்கே?"

"இருந்தா என்னடி?"

"ஒண்ணத் திருத்தினா பதினேழையும் திருத்தணுமே."

(போன வாரம் பதினாறைத் திருத்தினேன். விட்டுப்போன ஒன்று, ஒரு வாடிக்கையாளரைக் குழாயைக் கழற்றவைத்து அவர் வீட்டை நனைத்தது. இவளுக்கு அது தெரியுமா, தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாளா? இரண்டாவது என்றால் இன்னும் எரிகிறது.)

அவள் பலகையில் ஒரு வலை வரைந்தாள். ஒவ்வொரு கேள்வியும் ஒரே ஒரு முறை, எங்கிருந்தும் அதற்கு அம்பு வரலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது ஏன் இத்தனை நாளா நமக்குத் தோணல?"

'நமக்கு' என்றவர் என்னைத்தான் பார்த்தார்.

3

[தங்கையைச் சக ஊழியனாக மாற்றிப் பார்த்தேன். பொறாமை பாதியாகக் குறைந்துவிட்டது. மறுபடி தங்கையாக்கிவிட்டேன்.]

4

நேற்று அவள் வலையைக் கொண்டுவந்து காட்டினாள்.

"எங்கயாவது இடிக்குதா, பாரேன்."

இடித்தது. 'தண்ணீர் வருகிறதா?' என்ற கேள்விக்குத் 'தெரியாது' என்றால், 'குழாயைத் திறந்து பாருங்கள்' என்று வரும். அங்கிருந்து மறுபடி 'தண்ணீர் வருகிறதா?' மறுபடி 'தெரியாது' என்றால் அதே சுற்று. வாடிக்கையாளர் செக்குமாடுதான். என் மரத்தில் இந்தத் தொல்லை வரவே வராது.

"அழகா இருக்குடி" என்றேன்.

நான் நல்லவள்தான் என்று இங்கே ஒரு வரி எழுத ஆரம்பித்து...

5

இப்போது காலை பத்து மணி. எல்லோர் முன்னாலும் அவள் வலையை ஓட்டிக்காட்டப் போகிறாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவது மேலாளர், அவருக்குத் 'தெரியாது' என்று சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

"அக்கா, ஆரம்பிக்கட்டுமா?"

சுற்று இருப்பதைச் சொல்லிவிடட்டுமா? வாசகரே, நீங்களே அழுத்துங்கள்.

ஆம்: 'மூன்று சுற்றுக்கு மேல் போனால் மெக்கானிக்கை அனுப்பு' என்று ஒரே வரியில் சரிசெய்துவிடுவாள். அவள் வலை நிற்கும், என் மரம் சாயும்.

இல்லை: எல்லோர் முன்னாலும் அவள் முகம் சிவக்கும். என் மரம் பதினேழு 'தண்ணி வருதா'வோடும் பிழைக்கும். "நீதானே அக்கா பார்த்த?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பாள்.

தெரியாது: ஒன்றாம் பகுதிக்குப் போகவும்.

நான் ஏழு முறை போய் வந்துவிட்டேன். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.