கடைசிக் குடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு, ஒரே ஒரு பைப். காலை ஐந்து மணிக்கு வரும் தண்ணீர் ஆறு மணிக்கு நின்றுவிடும். பிறகு வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கு வேலை இல்லை. இது நடந்த வாரம் நான் இரண்டு தடவை திரும்பி வந்தவள்.

லயத்துத் தலைவராக இருந்த வீரய்யா தன் வீட்டுக் குடம் ஏழையும் முதலில் நிரப்பிக்கொள்வார். அவரை இறக்கிவிட்டு, படித்தவன் ஆளட்டும் என்று கஜேந்திரனைப் பிடித்தோம். கெம்பஸில் நாலு வருடம் மெய்யியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை. வேண்டாம் வேண்டாம் என்றான். யார் விட்டார்கள்?

முதல் நாளே குறிப்பெழுதக் கொப்பியோடு வந்து பைப்பை மூடிவிட்டு நின்றான்.

"யாருக்கு முதல்ல தண்ணி குடுத்தா நியாயம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

பாக்கியலெட்சுமி தன் கைக்குழந்தையைச் சொன்னாள். வீரய்யா தன் வயதைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவன் "ஏன்?" என்று கேட்டான். பன்னிரண்டாவது ஆள் பேசி முடித்தபோது மணி ஆறு. பைப்பைத் திறந்தால் வெறும் காற்று. லயமே பெரட்டுக்குப் பிந்தியது. கங்காணி சிரித்துக்கொண்டே எல்லாரையும் திருப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நேராகக் கஜேந்திரன் வாசலுக்குப் போனேன்.

"தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? வீட்டுக்கு ரெண்டு குடம். கைப்புள்ளக்காரி முதல்ல, தூரத்து மலைக்குப் போறவங்க அடுத்தது, வீட்டுல இருக்கிறவங்க பொறகு. சண்டை போட்டா வரிசையில பின்னுக்குப் போகணும்!"

அத்தனையையும் எழுதிக்கொண்டான். "இனி நீங்கதாங்க்கா தலைவர்."

"நான் அஞ்சாம் வகுப்புடா!"

"அதனால என்னங்க்கா?"

உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். மறுநாள் போனால் பைப்படிச் சுவரில் என் சட்டம் அழகான கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அடியில் நான் சொல்லாத ஒரு வரி: 'தலைவர் வீட்டுக் குடம் எல்லாருக்கும் கடைசி.'

அடப் பாவி!

வீரய்யா மூன்றாவது குடத்தை நகர்த்தினார்; பிடித்து நிறுத்தினேன். பல் விளக்க வந்தவளை விரட்டினேன். எவள் கதை பேசி நின்றாலும் காயப்போவது என் குடம் அல்லவா? கண்கொத்திப் பாம்பாக நின்றேன். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் முறை வந்தது. இரண்டு குடமும் நிரம்பின.

அன்றைக்கு லயமே நேரத்துக்குப் பெரட்டில் நின்றது. திருப்பி அனுப்ப ஆளில்லாமல் கங்காணிக்கு முகமே விழுந்துவிட்டது. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

மாலையில் கஜேந்திரனைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கடைசி வரிய ஏன்டா எழுதின?"

"அது ஒண்ணுதாங்க்கா நாலு வருஷத்துல நான் படிச்சது."