நேசனுக்குப் படைத்த எட்டு

"இஞ்சாருங்கோ, படத்தைக் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ. தன்ரை படத்துக்கு மாலை போட்டிருக்கிறதை அவர் பார்க்கக்கூடாது" என்று மனைவி சிவகௌரி இரண்டாம் தரமும் சொன்னாள்.

கனகலிங்கம் கதிரையில் ஏறினான். கை எழவில்லை. 1987இல், தம்பி தவநேசன் சண்டையில் செத்துவிட்டான் என்று யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. உடல் இல்லாமலே, லண்டன் மிச்சம் பகுதியிலுள்ள இந்த வீட்டில், செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து எட்டாம் நாள் படையல் வைத்தான். அன்றிலிருந்து படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது.

போன தை மாதம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணை, நான் நேசன். விட்டிட்டாங்கள்." இயக்கப் பெயரிலேயே ஒன்பது வருடம் சிறையில் கிடந்திருக்கிறான். அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு லண்டன் வந்திறங்குகிறான்.

குரலை நம்பினான். ஆனாலும் ஆளைக் காணுமுன் படத்தைக் கழற்றினால், வருகிறவன் வழியிலேயே கரைந்துவிடுவானோ என்று பயம். அப்படியே இறங்கிப் புறப்பட்டான். உயிரோடிருந்தவனைச் செத்தவனாக்கியதைத் தம்பி பொறுப்பானா? ஹீத்ரோ விமான நிலையம் போய்வரும் வரை அதுவே நெஞ்சை அரித்தது.

தவநேசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். சுவரில் இருபது வயது, மாலையோடு. கீழே முப்பதுக்குள் நரைத்த தலை. வெறுங்கடலில் ஒரு தீவு எழும்பி வருவதைக் கண்டவன்போலக் கனகலிங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆரண்ணை இந்த வடிவான பெடியன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"தம்பி, நாங்கள் உனக்கு எட்டும் படைச்சுப்போட்டம்."

"என்ன படைச்சனீங்கள்?"

"புட்டு. நண்டுக்குழம்பு. ஒரு போத்தல் பியர்."

"பியரோ? நான் எப்ப அண்ணை குடிச்சனான்?"

"இயக்கத்திலை பழகியிருப்பாய் எண்டு நினைச்சன்."

"நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்" என்றாள் சிவகௌரி.

தவநேசன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் உடைந்தது. "சிறையிலை, உன்னைத் தேட ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிச் சொல்லி அடிப்பாங்கள், அண்ணை. நானும் நம்பிப்போட்டன். இஞ்சை நீங்கள் எனக்கு நண்டு காய்ச்சியிருக்கிறியள்." கண்ணைத் துடைத்தான். "இப்ப இருக்கோ?"

"அண்டைக்குப் பிறகு இந்த வீட்டிலை நண்டு காய்ச்சினதில்லை."

"அப்ப வாங்கோ, கடைக்குப் போவம்."

வெளியே ஐப்பசி வெயில் சாய்ந்திருந்தது. முன்னால் நடந்த தம்பியின் நிழல் நடைபாதையில் நீளமாக விழுந்தது. கனகலிங்கம் அதை மிதித்துவிடாமல், விலகி விலகி, கூடவே நடந்தான்.