முனை உள்ளே இல்லை

என் தம்பி ஓரினும் என் புருஷன் க்ளீட்டும் ஒரு வருஷமாக அம்பு முனையை வைத்துச் சண்டை போட்டார்கள். நிலத்தை வைத்துப் போட்டிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும்.

ஓரினுடையது நிலையான முனை. அதன் வெட்டும் அலகு மடங்காது, விரியாது. போடும் ஓட்டை சின்னதுதான், ஆனால் எலும்பையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். க்ளீட்டுடையது விரியும் முனை. பறக்கும்போது அலகுகள் ஒடுங்கியிருக்கும், மான் மேல் பட்டதும் விரிந்து பெரிய காயமாகப் போடும். குறியும் பிசகாது. எலும்பில் பட்டால் மட்டும் நம்ப முடியாது. போன வருஷம் க்ளீட் அடித்த மான் தோள்பட்டையில் அம்போடு தப்பி ஓடி, பக்கத்துச் சோளக்காட்டில் அழுகிக் கிடந்தது. அதை ஓரின் ஊர் மதுக்கடையில் நடித்தே காட்டினான். நொண்டும் மானும் அவன்தான், பின்னால் மூச்சிரைக்க ஓடும் க்ளீட்டும் அவன்தான். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். க்ளீட் பியரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

இந்த நவம்பரில் க்ளீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எங்கள் சரிவில் சுற்றும் அந்தப் பெரிய ஆண்மானைத் தன் முனையால் சாய்த்து, அதன் கொம்போடு மதுக்கடைக்குள் நுழைய வேண்டும், ஓரின் வாயை அடைக்க வேண்டும். தூக்கத்தில்கூட அதையே புலம்பினான்.

வேட்டைக்குக் கிளம்பிய அன்று வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன மச்சான், இன்னைக்கும் அந்தக் குடையைத்தான் கொண்டு வந்திருக்கியா? மழை வந்தா எனக்கும் கொஞ்சம் விரிச்சுப் பிடி," என்றான் ஓரின்.

"உன் ஊசி போட்ட ஓட்டையில ரத்தம் கசியறதுக்குள்ள மான் மிசிசிப்பி ஆத்தையே தாண்டிப் போயிடும், போடா."

"ரெண்டு பேரும் இறங்கித் தொலைங்க," என்றேன். "மானுக்கே காது வலிக்கும்."

மேட்டில் க்ளீட்டின் பரண், சரிவின் நடுவில் ஓரினுடையது, கீழே ஓடையோரம் என்னுடையது. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கம் எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் அந்த மான் சரிவில் பாய்ந்து வந்தது. ஒரு முன்கால் தோளிலிருந்து தொங்கி ஆடியது. உடம்பில் அம்பு எதுவும் தெரியவில்லை. முள்கம்பி வேலியைத் தாண்டப் பார்த்து, முடியாமல் மோதி, விலாவைக் கிழித்துக்கொண்டு உருண்டு எழுந்தது. அப்போது ஓரின் அடித்தான். அவன் அம்பு வயிற்றோரம் நுழைந்து மறுபக்கம் வந்து ஓடைக்கல்லில் தெறித்ததைப் பார்த்தேன். அதற்கும் மான் சாகவில்லை. ஓடைக்குள் மூன்று காலில் நின்றுகொண்டு, மூக்கு வழியாக நுரை நுரையாக ரத்தம் கக்கியது.

ஓரின் கத்தியை உருவிக்கொண்டு இறங்கினான்.

"கிட்டப் போகாதடா! இன்னொரு அம்பு விடு!" என்று கத்தினேன்.

கேட்டால்தானே. மான் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. கொம்பு அவன் தொடையைக் கிழித்தது. அவன் கொம்பைப் பிடித்துத் தொங்க, இரண்டும் தண்ணீரில் புரண்டன. என் அம்பு நாணில் இருந்தது, ஆனால் எது மான், எது தம்பி என்று தெரியாமல் எப்படி விடுவது? கடைசியில் ஓரின் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி, தொண்டையில் திரும்பத் திரும்பக் குத்தினான். பின்னங்கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன, பிறகு ஓய்ந்தன. ஓடை கலங்கிச் சிவந்து போனது.

"அக்கா, பார்த்தியா! என் மான்!" மானைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

க்ளீட் அதற்குள் சரிவிறங்கி வந்துவிட்டான். "உன் மானா? நான் அடிச்சப்பவே அது செத்தாச்சு. உன்கிட்ட வந்தது பொணம்."

"பொணமா வந்து என் தொடையைக் கிழிச்சுது? உன் குடை தோள்பட்டையிலயே மாட்டிக்கிச்சு மச்சான். போன வருஷம் மாதிரியே. இன்னைக்குக் கடையில இன்னொரு நாடகம் இருக்கு, வந்துடு."

க்ளீட் அவன் வாயிலேயே குத்தினான். ஓரின் ரத்தத்தைத் துப்பிவிட்டு, தலையால் அவன் மூக்கில் மோதினான். இரண்டு பேரும் மானின் மேலேயே விழுந்து அடித்துக்கொண்டார்கள். நான் ஒரு கட்டையை எடுத்து இரண்டு முதுகிலும் மாறி மாறிப் போட்டேன். அப்புறம்தான் விலகினார்கள்.

ஒரு மானில் இரண்டு அம்பு பட்டால், முதலில் நெஞ்சு மாதிரி உயிர் போகும் இடத்தில் அடித்தவனுக்குத்தான் மான். அது எங்கள் பக்கத்து வழக்கம். க்ளீட் மூக்கைத் துடைத்துக்கொண்டு மானின் விலாவைக் காட்டினான். "இங்க பாரு. என் அம்பு நெஞ்சைத் துளைச்சு இந்த வழியா வெளிய போச்சு. முழுசா. மேல மண்ணுல குத்தி நிக்குது, போய்ப் பாரு."

"வயித்தைக் கீறினா தெரிஞ்சுடப் போகுது," என்றான் ஓரின். கோட்டைக் கழற்றிச் சட்டையைத் தோள்வரை சுருட்டினான்.

க்ளீட் காட்டிய கிழிசல் எனக்குக் கம்பி கிழித்தது மாதிரிதான் இருந்தது. மான் வெட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். மாமிசத்துக்குள் உடைந்த அலகுகளைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் சவரக்கத்திக்குச் சமம். அதனால்தான் யார் கையும் உள்ளே போவதற்கு முன் அம்பு விட்டவனைக் கேட்போம். எங்கள் ஊர்க்காரர்கள் கொம்பின் அளவில் பொய் சொல்வார்கள், தூரத்தில் பொய் சொல்வார்கள், பெண்டாட்டியிடம் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"க்ளீட், கையை உள்ள விடப் போறான். முனை உள்ள இருக்கா?"

"இல்ல மார்வா. அதான் சொன்னேனே, முழுசா வந்துடுச்சுன்னு."

ஓரின் வயிற்றைக் கீறினான். குடலை ஆவி பறக்கச் சரித்துத் தள்ளினான். நெஞ்சுச் சவ்வை அறுத்துவிட்டு, முழங்கைக்கு மேல்வரை கையை உள்ளே விட்டு மூச்சுக்குழலைத் தேடினான். அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் நுரையீரல், இதயம் எல்லாம் சேர்ந்து வரும். எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

"ஓரின், இரு..." என்றான் க்ளீட்.

ஓரின் இழுத்துவிட்டிருந்தான். வெளியே வந்த கையின் உள்பக்கம் முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை பிளந்திருந்தது. ரத்தம் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை.

"இது மானோடதா, என்னோடதா?" என்று என்னைக் கேட்டான்.

பெல்ட்டைக் கழற்றி மேல்கையில் இறுக்கினேன். ஈரத்தில் வழுக்கியது, திரும்ப இறுக்கினேன், திரும்ப வழுக்கியது. க்ளீட் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினான். விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். நான் கூடவே ஓடிக் காயத்துக்குள் விரல்களைத் திணித்து அழுத்தினேன். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலிடுக்கில் வழிந்தது. வண்டியை எட்டுவதற்குள் துடிப்பு மெலிந்துவிட்டது.

பின் இருக்கையில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கையை விடவில்லை. க்ளீட் அழுதுகொண்டே ஓட்டினான்.

"உள்ள இருக்குன்னு தெரியும் மார்வா. அம்பு ஒடிஞ்சுடுச்சு. வெறும் குச்சிதான் கீழ கிடந்துது."

"தெரியுமா? நான் உன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேனே! ஏன் சொல்லலை?"

"சொன்னா சிரிப்பான்."

நான் குனிந்து பார்த்தேன். கிழிந்த உதடு வெளுத்திருந்தது. கண்கள் வண்டிக் கூரையைப் பார்த்தபடி இருந்தன.

"சிரிடா ஓரின்," என்று அவனை உலுக்கினேன். "உள்ளதான் இருந்துதாம்டா. உன் மச்சானே சொல்றான். சிரிடா!"

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை. க்ளீட் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான், வேகத்தைக் குறைக்கவில்லை. இனி மெதுவாகவே போகலாம் என்று நானும் அவனிடம் சொல்லவில்லை.