வெட்டுமெசின் மல்லி

அறுவடை முடிய இன்னும் ஒரு கிழமைதான். அதற்குள் யாராவது தங்கள் வயலை முழுதாக வெட்டக் கொடுத்தால்தான் தக்ஷாயினிக்கு நெல் வெட்டுமெசின் டிரைவர் சேர்ட்டிபிகேட். இல்லாவிட்டால் அடுத்த போகம் வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

வெளியூர் டிரைவர்களையே நம்பியிருக்கும் மெசின்காரர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கினால், பாதிச் சம்பளத்தை அரசாங்கம் தரும் என்றொரு திட்டம் வந்திருந்தது. வவுணதீவுக் கதிர்காமத்தம்பி முதலாளி அந்தப் பாதிக்காகத்தான் அவளைச் சேர்த்தார். சேற்றுக்குள் அவள் வெட்டுமெசினைத் திருப்புகிற லாவகத்தைப் பார்த்த பிறகு, முழுச் சம்பளமும் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. வயல்காரர்களுக்குத்தான் தோன்றவில்லை.

"பொம்பிளைப் புள்ளையா? எண்ட நெல்லை நிலத்தில கொட்டவா? வெளியூர்ப் பொடியன் இருந்தா அனுப்பு தம்பி!" என்று முதலாளியிடம் சொல்லி வயல்காரி சீதேவிப்பிள்ளையும் போனை வைத்துவிட்டாள்.

"வா மனே, நேரில போய்க் கேட்பம்," என்றார் முதலாளி தக்ஷாயினியிடம்.

நெல்லுச் சுணையின் அரிப்புக்குப் பயந்து தொப்பி போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு தக்ஷாயினி மெசினை ஓட்டிப் போனாள். வரம்பில் நின்ற சீதேவிப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"ஆயுபோவன் மல்லி!"

வெளியூர் டிரைவர் என்றால் சிங்களப் பொடியன்தானே; சிங்களத்தில் தம்பி என்றால் மல்லிதானே! முதலாளி வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார். முதலில் வேலையைப் பார்க்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்துத் தக்ஷாயினி மெசினை வயலுக்குள் இறக்கினாள்.

வேலை சுகம். தேத்தண்ணிதான் கஷ்டம்.

"மல்லி, தே பொன்ன!" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிச் சீதேவிப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவாள். குடிக்க வேண்டுமென்றால் துணியை அவிழ்க்க வேண்டும். தக்ஷாயினி வயிறு நிறைந்ததுபோல் தடவி, வேண்டாமென்று தலையாட்டுவாள். மறுநாள் இனிப்பு அரியதரமும் வந்தது. துணிக்குள்ளே வாய் ஊறியது.

"எண்ட கையால தந்தா இறங்காதாமா?" என்று சீதேவிப்பிள்ளை முதலாளியிடம் நொந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் பரீட்சை அதிகாரி நஸ்ஹா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வெட்டிய தாளுக்குள் குனிந்து சிந்திய நெல்லைத் தேடினாள். உள்ளங்கை நிறையவில்லை.

"வேலை எப்பிடியம்மா?"

"இப்பிடியொரு வெட்டை நான் கண்டதில்ல மிஸ். வரம்போரத்திலயும் ஒரு கதிர் மிச்சமில்ல. தங்கமான பொடியன்!"

"எந்தப் பொடியன்? தக்ஷாயினி, இறங்குங்க!"

மெசின் நின்றது. தக்ஷாயினி இறங்கித் துணியை அவிழ்த்தாள். முதலாளி திடீரென்று மெசினின் செயினை மிக உன்னிப்பாக ஆராயத் தொடங்கினார்.

"அடியேய்! ரெண்டு நாளா என்னைச் சிங்களம் கதைக்க வைச்சிட்டியே! பக்கத்து வயல்காரனெல்லாம் சிரிச்சானேகா!"

"நீங்கதானே மாமி தொடங்கினீங்க. சொன்னா இறக்கிப்போடுவீங்க எண்டு பயம்."

"இறக்கத்தான் செய்வன்!"

தக்ஷாயினி வயலைத் திரும்பிப் பார்த்தாள். மூலையில் இன்னும் ஒரு துண்டு வெட்டக் கிடந்தது. வயல் முழுதும் முடியாமல் நஸ்ஹா கையெழுத்து வைக்கமாட்டாள்.

"தேத்தண்ணி குடிக்காம ஏறினா இறக்கத்தான் செய்வன்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "முதல்ல குடி. மறுகா ஏறு. தம்பி, அங்கால வட்டையில கிடக்கிற எண்ட வயலுக்கும் இவதான் வரோணும். வேற ஆரையும் அனுப்பினா வரம்பிலயே மறிச்சுப்போடுவன்!"

"ஓம் அக்கா, ஓம்," என்றார் முதலாளி, செயினிலிருந்து தலையை எடுக்காமலே.

தக்ஷாயினி மூன்று கோப்பை குடித்தாள். வாயில் ஒரு அரியதரம், கையில் இன்னொன்றோடு ஏறி மெசினைக் கிளப்பினாள்.

"மல்லி! அந்த மூலை..." என்று கத்திய சீதேவிப்பிள்ளை, பழக்கதோஷத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெசின் ஹோர்ன் அடித்துக்கொண்டே மூலைக்குத் திரும்பியது.